மனசுக்கும் வீடு தேடி மருத்துவம்

நாகரசம்பட்டியிலிருந்து பெங்களூரு நிம்ஹான்ஸுக்குப் போக வேண்டுமென்றால் கோழி கூவும் நேரத்தில் கிளம்ப வேண்டும். காவேரிப்பட்டணம் வழியாகக் கிருஷ்ணகிரி, அங்கே பஸ் மாறி குருபரப்பள்ளி, சூளகிரி, ஓசூர். ஜுஜுவாடியில் தமிழ்நாடு முடிந்து அத்திப்பள்ளியில் கர்நாடகம் தொடங்கும். பிறகு எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு நெரிசல், மடிவாளா. நூறு கிலோமீட்டருக்கு மேலான இந்தப் பயணத்தின் முடிவில், மனநல மருத்துவத்தில் நாடே முதலிடத்தில் வைத்துப் பேசும் நிறுவனம் நிற்கிறது. அது இருக்கும் சாலையின் பெயர் ஓசூர் ரோடு.

பெயரில் இருக்கும் நெருக்கம் நடைமுறையில் இல்லை. மனச்சிதைவு நோய் உள்ளவரைத் தனியே அனுப்ப முடியாது. துணைக்கு ஒருவர் போயாக வேண்டும். இரண்டு பேர் கூலி அன்று போச்சு. பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு வேறு. ஒரு மாதத்துக்கான மாத்திரையோடு திரும்பினால், அது தீர்ந்ததும் அதே பயணம். இரண்டு மூன்று மாதத்தில் ஆள் தேறிவிட்டதாகத் தெரியும். தூங்குகிறார், சாப்பிடுகிறார், தனக்குத்தானே பேசிக்கொள்வது நின்றுவிட்டது. “இப்பதான் நல்லாயிட்டாரே, இன்னும் எதுக்கு மாத்திரை?” என்று வீட்டில் ஒருவர் கேட்பார். மாங்காய் அறுப்பு நேரமாக இருந்தால் பயணம் தள்ளிப்போகும். மாத்திரை நிற்கும். சில வாரங்களில் நோய் திரும்பும், பெரும்பாலும் முன்பைவிடக் கடுமையாக. இது ஒரு வீட்டின் கதை அல்ல. போச்சம்பள்ளி வட்டாரத்தில் மட்டுமல்ல, மனநல மருத்துவம் தூரத்தில் இருக்கும் எல்லா ஊரிலும் இப்படித்தான் நடக்கிறது.

நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. அதைவிட வேதனையான கணக்கு, சிகிச்சையே கிடைக்காதவர்களின் பங்கு: நோயைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காடு. மருந்து இருக்கிறது, வைத்தியம் தெரியும், ஆனால் பத்துப் பேரில் ஏழு முதல் ஒன்பது பேருக்கு அது போய்ச் சேரவில்லை.

இந்தத் தூரத்தை நோயாளி கடந்து வர வேண்டுமா, வைத்தியம் கடந்து போக வேண்டுமா? ஐம்பது ஆண்டுகளாக மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் இந்தக் கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தேடலின் முக்கியமான முதல் கட்டம், ஓசூரிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க இடத்தில்தான் நடந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம்

1954இல் தொடங்கிய அகில இந்திய மனநலக் கழகமும் பழைய மைசூரு மாகாண மனநல மருத்துவமனையும் 1974இல் இணைந்து நிம்ஹான்ஸ் ஆயின. அடுத்த ஆண்டே அங்கே சமுதாய மனநலப் பிரிவு உருவானது. அதன் கிராமப்புற மையத்துக்குத் தேர்ந்தெடுத்த ஊர், ஆனேக்கல் பக்கம் பன்னார்கட்டா சாலையை ஒட்டிய சகலவாரா. ஆர்.எல். கபூர் போன்ற மருத்துவர்கள் அங்கே சோதித்துப் பார்த்தது எளிய யோசனைதான். மனநல மருத்துவர் எல்லா ஊருக்கும் போக முடியாது. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தின் சாதாரண டாக்டர் அங்கேயே இருக்கிறார். வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளரும் இருக்கிறார். இவர்களுக்கே அடையாளம் காணவும் மருந்து கொடுக்கவும் தொடர்ந்து கவனிக்கவும் கற்றுக்கொடுத்தால் என்ன?

கிட்டத்தட்ட அதே காலத்தில் சண்டிகர் மருத்துவ மேற்படிப்பு நிறுவனம், என்.என். விக் தலைமையில், ஹரியானாவின் ராய்ப்பூர் ராணியில் இதே முயற்சியில் இறங்கியிருந்தது. இரண்டு அனுபவங்களும் சேர்ந்துதான் 1982இல் தேசிய மனநலத் திட்டம் ஆயின. 1980களின் பிற்பாதியில், சுமார் 20 லட்சம் பேர் வாழ்ந்த பெல்லாரி மாவட்டம் முழுவதிலும் நிம்ஹான்ஸ் அதைச் செய்து காட்டியது. 1996இல் மாவட்ட மனநலத் திட்டமாக நாடு தழுவித் தொடங்கியபோது முதலில் தேர்வான நான்கு மாவட்டங்களில் ஒன்று திருச்சி.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. ஆனால் திட்டம் பரவிய வேகத்துக்கு ஆட்கள் இல்லை. மாவட்டத்துக்கு ஒரு மனநல மருத்துவர், ஓர் உளவியலாளர், ஒரு சமூகப் பணியாளர், ஒரு செவிலியர் என்று ஏட்டில் இருந்த குழு, பல இடங்களில் பாதியாகத்தான் இயங்கியது. சில நாள் பயிற்சி பெற்ற டாக்டர் இடம் மாறிப் போவார். புதிதாக வருபவருக்குப் பயிற்சி இருக்காது. மாத்திரை ஒரு மாதம் இருக்கும், அடுத்த மாதம் இருக்காது. சகலவாராவில் வெற்றி தந்தது பயிற்சி மட்டுமல்ல, பயிற்சிக்குப் பிறகும் விடாமல் கூடவே நின்ற மேற்பார்வை. விரிவாக்கத்தில் முதலில் கழன்று விழுந்தது அதுதான்.

சங்கிலியும் கோயிலும்

வைத்தியம் வராத இடத்தில் மக்கள் சும்மா இருப்பதில்லை. மந்திரிக்கிறார்கள், கயிறு கட்டுகிறார்கள், கோயிலிலோ தர்காவிலோ கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அதன் கோர முகத்தைத் தமிழ்நாடு 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி பார்த்தது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திய காப்பகம் ஒன்றில் அதிகாலையில் தீப்பற்றியது. நோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. இன்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது.

ஆனால் ஏர்வாடியை வைத்து எல்லா வழிபாட்டிடங்களையும் ஒரே கணக்கில் தள்ளிவிடுவது நியாயமாகாது. நிம்ஹான்ஸைச் சேர்ந்த ஆர். ரகுராம் குழுவினர், தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 நோயாளிகளைக் கவனித்து எழுதிய ஆய்வு 2002இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வெளியானது. அங்கே கட்டிப்போடுவது இல்லை. சடங்கு என்று பெரிதாக எதுவும் இல்லை. குடும்பத்தாரோடு சில வாரம் தங்கி, கோயில் வேலைகளைச் செய்து, மற்றவர்களைப் போலவே நடத்தப்பட்டார்கள். அவர்களின் நோய்க்குறி அளவு சராசரியாக 20 விழுக்காட்டுக்குப் பக்கம் குறைந்திருந்தது. கடவுள் சக்தியா என்ற விவாதத்துக்கு அந்த ஆய்வு போகவில்லை. விரட்டாத இடம், கூட இருக்கும் உறவு, கைக்கு ஒரு வேலை ஆகியவை நோயாளிக்கு என்ன செய்யும் என்பதை அது அளந்து காட்டியது. பூசாரியைத் திட்டிக்கொண்டே ஊருக்குள் வரும் மனநலக் குழு, இந்தப் பாடத்தைத் தவறவிடுகிறது. கயிறும் கட்டிக்கொள்ளட்டும், மாத்திரையும் சாப்பிடட்டும் என்று சொல்லத் தெரிந்த ஆளுக்குத்தான் கிராமத்தில் கதவு திறக்கும்.

புதுக்கோட்டைக்கு வந்த பஸ்

தமிழ்நாட்டில் மனநல மருத்துவத்தை மதிலுக்கு வெளியே கொண்டுவந்தவர்களில் முதல் பெயர் சாரதா மேனன். நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்பட்டவர். சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் கண்காணிப்பாளராக 1961 முதல் 1978 வரை இருந்தார். நோயாளி தேறினாலும் வீடு ஏற்பதில்லை, வேலை கிடைப்பதில்லை என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். ஓய்வுக்குப் பிறகு, 1984இல், ‘ஸ்கார்ஃப்’ என்ற மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். 2021 டிசம்பரில் 98 வயதில் மறைந்தார்.

அவருக்குப் பின் ஆர். தாரா வழிநடத்திய ஸ்கார்ஃப், 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. உள்ளே இருக்கைகளுக்குப் பதிலாக ஒரு சிறிய ஆலோசனை அறை, ஒரு திரை, ஒரு மருந்துப் பிரிவு. பஸ் குறித்த நாளில் குறித்த ஊரில் வந்து நிற்கும். நோயாளியும் அம்மாவோ மனைவியோ ஏறி உட்கார்ந்தால், திரையில் சென்னையிலிருக்கும் மனநல மருத்துவர். எப்படித் தூங்குகிறார், குரல் கேட்கிறதா, வேலைக்குப் போகிறாரா என்று பேசி முடித்து, மருந்தை அங்கேயே வாங்கிக்கொண்டு இறங்கலாம். கட்டணம் இல்லை. பஸ் கிளம்பிப் போன பிறகும் வேலை நிற்காது. உள்ளூரிலேயே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த களப்பணியாளர்கள் வீட்டுக்குப் போய் மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பார்கள். தொழில்நுட்பம் கண்ணில் படுவதால் எல்லோரும் அந்த பஸ்ஸைத்தான் படம் எடுத்தார்கள். உண்மையில் அந்தத் திட்டத்தின் முதுகெலும்பு, தெருவுக்குள் நடந்துபோன களப்பணியாளர்தான்.

இதை அறிவியல்முறையில் சோதித்த ஓர் ஆய்வு 2014இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. கோவா, மகாராஷ்டிரம், தமிழ்நாடு ஆகிய மூன்று இடங்களில் 282 மனச்சிதைவு நோயாளிகள். ஒரு பிரிவினருக்கு மருத்துவமனை சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு அதோடு உள்ளூர் பணியாளர் வீட்டுக்கு வந்து பேசுவது, குடும்பத்துக்கு நோயை விளக்குவது, அன்றாட வேலைக்குத் திருப்புவது. ஓராண்டு முடிவில் வீட்டுக்கு ஆள் போன பிரிவில் நோயின் கடுமையும் முடக்கமும் கூடுதலாகக் குறைந்திருந்தன. மூன்று இடங்களிலும் ஒரே அளவில் அல்ல. மாற்றம் தெளிவாகத் தெரிந்தது மருத்துவ வசதி குறைந்த தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில்தான். எங்கே ஒன்றும் இல்லையோ அங்கே ஓர் ஆள் போய் நின்றால் அதன் பலன் பெரிது.

உளவியலாளர் யாருக்குக் கற்றுக்கொடுக்கிறார்?

மனச்சிதைவுக்கு மருந்து வேண்டும். ஆனால் ஊரில் அதைவிடப் பல மடங்கு பேரை வாட்டுவது மனச்சோர்வும் பதற்றமும். இதைக் கிராமத்தில் யாரும் இந்தப் பெயரால் சொல்வதில்லை. “தலை பாரமா இருக்கு”, “நெஞ்சு படபடன்னு அடிக்குது”, “உடம்பெல்லாம் அசதி, எதுலயும் மனசு போகல”. சத்து மாத்திரையும் ஊசியும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். இந்த நோய்களில் பேச்சுவழிச் சிகிச்சைக்கு மருந்துக்கு ஈடான இடம் உண்டு. அது உளவியலாளரின் கைத்தொழில். நிம்ஹான்ஸின் முன்னோடிக் கழகத்தில் மருத்துவ உளவியல் படிப்பு 1955லேயே தொடங்கிவிட்டது. என்றாலும் படித்து முடித்து இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவர்கள் பெரும்பாலும் பெருநகரங்களிலேயே தங்கிவிட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருவர் என்று எதிரே உட்கார வைத்துப் பேசினால், ஒரு தாலுகாவை முடிக்க ஓர் ஆயுள் போதாது.

அதனால் இந்தத் துறையின் அக்கறையுள்ள சிலர் தங்கள் வேலையின் வடிவத்தையே மாற்றிக்கொண்டார்கள். நிம்ஹான்ஸ் மருத்துவ உளவியல் துறைத் தலைவராக இருந்த மாளவிகா கபூர், குழந்தைகளின் மனநலத்துக்காகப் பள்ளி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் வழியைப் பிடித்தார். வகுப்பில் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்ட பிள்ளையை முதலில் கவனிப்பது உளவியலாளர் அல்ல, டீச்சர்தான் என்பதே அவர் பணியின் அடிப்படை. கொல்கத்தாவில் உளவியலாளர் ரத்னாபோலி ராய் 2000இல் தொடங்கிய ‘அஞ்சலி’ அமைப்பு, அரசு மனநல மருத்துவமனைகளுக்குள் அடைபட்டவர்களின் உரிமைக்காக முதலில் போராடியது. பிறகு ‘ஜனமானஸ்’ என்ற பெயரில் நகராட்சிகளோடு கைகோத்து, எளிய குடியிருப்புகளைச் சேர்ந்த பெண்களையே மனநலப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தது. வார்டுக்குள் ஒரு சிறிய கூடம், கதவு திறந்திருக்கும், உள்ளே இருப்பவர் பக்கத்துத் தெருப் பெண். வெள்ளைக் கோட்டைக் கண்டால் வாயடைத்துப் போகிறவர் அங்கே பேசுவார். 2016இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு ராய்க்குத் தன் விருதை அளித்தது.

சாதாரண ஆட்கள் உளவியல் சிகிச்சை தர முடியுமா என்ற சந்தேகம் இயல்பானது. கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேல் நண்பர்களோடு 1996இல் தொடங்கிய ‘சங்கத்’ அமைப்பு இதற்குப் பதில் தேடியது. கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேர். ஆரம்ப சுகாதார நிலையங்களே களம். ஆலோசகர்கள், மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்கள். சிகிச்சை 6 முதல் 8 சந்திப்புகள். மூன்று மாதத்தில், ஆலோசனை பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள், பெறாதவர்களில் 39. ஆய்வு 2017இல் வெளியானது.

அந்தச் சந்திப்பில் என்ன நடக்கிறது? மனச்சோர்வு வந்தவர் ஒவ்வொன்றாக விடுகிறார். முதலில் கோயிலுக்குப் போவது, பிறகு அக்கம்பக்கத்தில் பேசுவது, பிறகு குளிப்பதுகூட. விட விடச் சோர்வு கூடுகிறது. கூடக் கூட இன்னும் விடுகிறார். ஆலோசகர் அவரோடு உட்கார்ந்து ஒரு நாளை மணிக்கணக்காகப் பிரித்துப் பார்க்கிறார். எந்த நேரத்தில் மனசு கொஞ்சம் இலேசாக இருந்தது? மாலையில் வாசலில் பூக் கட்டியபோது என்று ஒருவர் சொன்னால், அதுவே தொடக்கம். மனசு சரியானதும் செய்யலாம் என்று காத்திருக்க வேண்டாம், செய்துவிட்டு மனசைப் பாருங்கள் என்பதே இதன் அடிப்படை விதி. அடுத்த வாரம் வரை தினமும் பத்து நிமிடம் பூக் கட்ட வேண்டும். அடுத்த வாரம் பக்கத்து வீட்டு அம்மாவோடு சேர்ந்து. தாளில் குறித்துவர வேண்டும். எழுதத் தெரியாதவர் படத்தில் அடையாளம் போட்டால் போதும். கேட்க எளிமையாக இருக்கும் இந்த முறைக்குப் பின்னால் பல பத்தாண்டு உளவியல் ஆராய்ச்சி இருக்கிறது. ஆலோசகர்கள் தங்கள் சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து, பிறகு குழுவாகக் கேட்டு, எங்கே அவசரப்பட்டோம், எங்கே அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிட்டோம் என்று திருத்திக்கொண்டார்கள். நிபுணர்கள் அந்தக் குழுவோடு தொடர்பில் இருந்தார்கள். உளவியலாளரின் நேரம் அதிகப் பலன் தந்தது இந்த இடத்தில்தான்.

பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமப்புறத்தில் ஆதிஃப் ரஹ்மான் குழுவினர் 903 கர்ப்பிணிகளிடம் இதேபோல் ஒரு முயற்சி செய்தார்கள். வீட்டுக்கு வரும் அரசின் பெண் சுகாதாரப் பணியாளர்களே சிகிச்சையாளர்கள். குழந்தை பிறந்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, அந்த உதவி பெற்றவர்களில் 23 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது. பெறாதவர்களில் 53 விழுக்காடு. ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டாவின் நோயாளி ஒருவர், சிகிச்சைக்கு வர பஸ் கட்டணம் இல்லாமல் வீட்டிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். வேண்டிய தொகை 15 டாலர். அந்த மரணத்துக்குப் பிறகு, 2006இல், அவர் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்தார். சுகாதார நிலையத்து மரத்தடியில் ஒரு மரப்பெஞ்சு. அதில் ஒரு பாட்டி. 2016இல் வெளியான 573 பேர் ஆய்வில், பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களில் 13.7 விழுக்காட்டினரிடமே ஆறு மாதம் கழித்து மனச்சோர்வு அறிகுறி இருந்தது, மற்றவர்களில் 49.9.

அந்தப் பஸ் கட்டணத்தை நாகரசம்பட்டியில் யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

தொழிற்சாலை வந்த ஊர்கள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் முகம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஓசூருக்கு அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் வந்து சுமார் நாற்பது ஆண்டு ஆகிறது. இப்போது டாடா எலெக்ட்ரானிக்ஸ். நாகரசம்பட்டிக்கு வெகு அருகில் போச்சம்பள்ளி சிப்காட்டில் ஓலா மின் ஸ்கூட்டர் ஆலை. முழுக்கப் பெண்களே நடத்தும் ஆலையாக இருக்கும் என்று 2021இல் அறிவித்தார்கள். மாந்தோப்பும் தென்னையும் பார்த்து வளர்ந்த பெண்பிள்ளைகள் சீருடையும் அடையாள அட்டையுமாகக் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். சொந்தச் சம்பளம் தரும் நிமிர்வு சாதாரணமானதல்ல. எத்தனையோ வீடுகளில் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட வைத்திருப்பதும் அதுதான்.

கூடவே வருபவை வேறு. வாரத்துக்கு வாரம் மாறும் ஷிப்ட் தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் கெட்டால் மனசு கெடும் என்பது மருத்துவம் நன்றாக அறிந்தது. விடுதி அறையில் அழுகிற பெண்ணைப் பார்த்து ‘வீட்டு ஞாபகம்’ என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். ஒடியா, இந்தி, வங்காளம் பேசும் தொழிலாளிகளுக்கு அதைச் சொல்லவே ஆள் கிடையாது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் கேட்கும் பகுதி இது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைகளில் இருளர் குடியிருப்புகள். இங்கே வேலை செய்யும் உளவியலாளருக்குப் பட்டம் மட்டும் போதாது. நோயாளியின் வீட்டு மொழியில் துக்கத்தைக் கேட்டுக்கொள்ளத் தெரிந்த பத்துப் பேர் கூட இருக்க வேண்டும்.

விவசாயப் பக்கம் வேறொரு ஆபத்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2022இல் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தது. அதில் தமிழ்நாட்டில் மட்டும் 19,834. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். கிராமங்களில் ஒரு கணக் கோபத்திலும் துக்கத்திலும் கை போவது வீட்டு மூலையில் இருக்கும் பூச்சிமருந்துக்கு. சென்னையில் 1986இல் ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார், காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் ஒரு பொதுக் கிடங்கை அமைத்துப் பார்த்தார். ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு பூட்டிய பெட்டி, சாவி அவரிடமே. மருந்து வேண்டுமென்றால் கிடங்குக்கு நடந்துபோய்த் திறந்து எடுக்க வேண்டும். அந்த ஊர்களில் பூச்சிமருந்துத் தற்கொலைகள் குறைந்தன. அந்தக் கண நேரத்து வேகம் தணிய அந்த நடை போதுமானதாக இருக்கிறது. 2023இல் தமிழ்நாடு அரசு, மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி மருந்தைத் தடை செய்து, மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு பூச்சிமருந்துகளுக்குத் தற்காலிகத் தடையும் விதித்தது. அந்தத் தற்காலிகத் தடையை நிரந்தரமாக்கியிருக்க வேண்டும்.

சாமனப்பள்ளியில் தொடங்கியது

இந்த மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தது இங்கேதான், சாமனப்பள்ளி கிராமத்தில். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வரும். இயன்முறை சிகிச்சையும் வலிதணிப்புப் பராமரிப்பும் வரும். கொண்டுவருபவர்களில் பெரும்பாலோர் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது.

கோவாவிலும் ராவல்பிண்டியிலும் ஜிம்பாப்வேயிலும் ஆராய்ச்சிப் பணத்தில் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்த ஆள், தமிழ்நாட்டில் ஏற்கெனவே தெருவில் நடந்துகொண்டிருக்கிறார். எந்த வீட்டில் யார் மாத்திரையை மறக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். எந்த மருமகள் பிள்ளை பெற்ற பிறகு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதும் தெரியும். ரத்த அழுத்தம் பார்க்கும்போதே “ராத்திரி தூக்கம் வருதா? எதுலயாவது மனசு போகுதா?” என்று இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்க அவருக்குப் பயிற்சி தரலாம். மனச்சிதைவுக்கும் இருமுனைக் கோளாறுக்குமான மாதாந்திர மருந்து, சர்க்கரை மாத்திரை வரும் அதே பையில் தவறாமல் வர வேண்டும். 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக மருந்து வாங்கித் தருகிறது. இதற்கென்று புது இயந்திரம் கட்ட வேண்டியதில்லை.

ஆனால் தன்னார்வலர்களின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றிவிட்டு, இலவசமாகச் செய்யுங்கள் என்று சொல்வது அநியாயம். அவர்கள் வாங்குவது ஊக்கத்தொகை, சம்பளமல்ல. இரண்டு நாள் பயிற்சியோடு விட்டுவிடுவது அதைவிட மோசம். தற்கொலை எண்ணத்தோடு இருக்கும் ஒருவரிடம் பேசிவிட்டு வீட்டுக்கு வரும் பெண், அன்றிரவு யாரிடம் பேசுவார்? ஒன்றியத்துக்கு ஒரு உளவியலாளர் வேண்டும். வாரம் ஒரு நாள் இந்தப் பெண்களோடு உட்கார்ந்து, அந்த வாரத்து வீடுகளைப் பற்றிப் பேச வேண்டும். கைக்கு மீறியதை மாவட்ட மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். திருச்சியில் தொடங்கிய திட்டம் தடுமாறியது இந்த ஒரு கண்ணி இல்லாமல்தான். ஒன்றியத்துக்கு ஒரு பதவி என்பது மாநில பட்ஜெட்டில் பெரிய தொகையே அல்ல.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாதவையும் உண்டு. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். 2022 அக்டோபர் 10 முதல் நாடு முழுக்க இயங்கும் டெலி மானஸ் சேவை இது. தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, இந்தி உட்பட 20 மொழிகளில் ஆலோசகர்கள் உண்டு. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் தெரியும். 2022 ஜனவரியில் கிருஷ்ணகிரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது; மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மனநலப் பிரிவு இருந்தாக வேண்டும். நிம்ஹான்ஸில் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டைக் காட்டி, மாதாந்திர மாத்திரையைப் பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே வாங்க வழி கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் மனநோயும் ஒன்று. பாதிப்பு 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருப்பதாக மருத்துவக் குழு சான்று கொடுத்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். மகனையோ தங்கையையோ பல ஆண்டுகளாக வீட்டுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள், அந்த விண்ணப்பத்தோடு மருத்துவச் சீட்டுகளின் நகல்களையும் மறக்காமல் எடுத்துப் போக வேண்டும்.